மேல் வரியும் கீழ் வரியும்

பதுளையில் சதீஸ்குமாரின் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர் குரலை அறியாதவர் இல்லை. பஸ் நிலையத்தின் நடுவே தகரக் கூரை போட்ட கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, காலை ஐந்தே முக்காலிலிருந்து பிற்பகல் இரண்டு வரை எந்த பஸ் எங்கே போகிறது, எந்த வரிசையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்வது அவர் வேலை. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். பதினெட்டு வருடமாக ஒரு நாளும் அந்த வரிசை மாறியதில்லை.

வரிசை அவர் வகுத்ததல்ல. பஸ்ஸின் நெற்றியிலுள்ள பலகையிலும் அதே வரிசைதான்: மேலே சிங்களம், கீழே தமிழ். சொல்லப்போனால் அவர் தமிழைத் தட்டுத்தடுமாறாமல் படிக்கக் கற்றதே அந்தப் பலகைகளில்தான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட, நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது சிங்களப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வீட்டில் தமிழ், வகுப்பில் சிங்களம். தமிழில் ஐந்து வகுப்பு படித்திருந்தும் கூட்டெழுத்துப் போல ஒட்டிக்கொண்டு மிரட்டிய நீளமான சொற்களை, பஸ்ஸின் மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரிக்கு இறங்கித்தான் அவர் பழக்கினார். மேல் வரி தெரியும். ஆகையால் கீழ் வரி இதுவாகத்தான் இருக்கவேண்டும். அப்படிப் பழகிய கண் பிறகு நாக்குக்கும் அதே பழக்கத்தைக் கொடுத்துவிட்டது.

இதனால் அவருக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிடைத்ததில் முதலாவது, இரைச்சலில் கலங்காத மனம். இருபது பஸ்கள் ஒரே நேரத்தில் ஹார்ன் அடிக்கும். கடலைக்காரர் கூவுவார். லொத்தர்க்காரரின் ஒலிபெருக்கி வேறு. அத்தனைக்கும் நடுவில் சதீஸ்குமார் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுவார். நாளெல்லாம் ஒரு மொழியை அடக்கி இன்னொன்றைப் பேசுகிறவருக்கு, வேண்டாததைத் தள்ளிவைப்பது கைவந்துவிடும் போலும். காது எட்டாத இடத்தில் கண் உதவியது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் கண்டக்டர் வாயசைத்தாலே போதும், “டயர் போச்சு, அஞ்சு நிமிஷம்” என்கிறாரா, “ஆள் நெறைஞ்சாச்சு” என்கிறாரா என்று இரண்டு மொழியிலும் உதட்டைப் படித்துவிடுவார்.

இரண்டாவது, கோபத்தை ஆற்றும் வழி. தமிழில் அவருக்கு வரும் கோபம் கொதிக்கிற சோறு. அதையே சிங்களத்தில் நினைத்துப் பார்த்தால் பாதி ஆறிவிடும். வரிசைக்காக டிரைவர்கள் அடித்துக்கொள்ளப் போன எத்தனையோ காலைகளில் அவர் கூண்டைவிட்டு இறங்கி, சிங்களத்தில் திட்டுகிறவருக்குத் தமிழிலும் தமிழில் திட்டுகிறவருக்குச் சிங்களத்திலும் பதில் சொல்வார். மறுமொழிக்குச் சொல் தேடுவதற்குள் இருவருக்கும் கை தணிந்துவிடும்.

“ரெண்டு மொழி தெரிஞ்சா மூளை கூர்மையாகுமாம்ங்க” என்று அவர் மனைவி கலாராணி ஒருநாள் பத்திரிகையில் படித்துச் சொன்னாள். கட்டுரை எழுதியவர் சதீஸ்குமார் வீட்டுக் குழாய் ஒழுகிய அன்று அங்கே இருக்கவில்லை. சதீஸ்குமார் முக்காலிமேல் ஏறி, ஒரு கையால் குழாயைப் பொத்திக்கொண்டு, “ஏய், அத எடு” என்றார்.

“எத?”

“அதான்டி… கடிக்கிறது.”

“நாயக் கூட்டியாரவா?”

குறடு என்ற சொல் வரவில்லை. அதன் சிங்களப் பெயர் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. சட்டை நனைந்து, சுவர் நனைந்து, கடைசியில் அவரே இறங்கிப் போய் எடுத்துவந்தார். “ரெண்டு கட வச்சவன் வீட்டுல உப்பில்லயாம்” என்றாள் கலாராணி. அன்றிலிருந்து அந்த வீட்டில் குறட்டுக்கு ‘உப்பு’ என்றே பெயர்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய இழப்பு அது. சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அவர் அப்பா இறந்தபோது, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல இடுகாட்டில் அவரை முன்னே விட்டார்கள். ஊருக்கே அறிவிக்கிற மனிதர். வாய் திறக்கவில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேல் வரி இல்லாத பலகைபோல நின்றார். கடைசியில் பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் அவர் சார்பில் நன்றி சொன்னார். துக்கத்தில் நா எழவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அது முழு உண்மையல்ல என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் சிங்களத்தில் ஒரு வாக்கியமும் தோன்றவில்லை. ஆகவே தமிழும் வரவில்லை.

அதனால்தான், அக்கா மாரியாயி மடுல்சீமையிலிருந்து போன் செய்து, “தம்பி, அவங்க ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்காங்க, தாய்மாமன் நீதான் பேசணும்” என்றபோது அவர் போனைக் கலாராணியின் கையில் கொடுத்துவிட்டார்.

விஷயம் இது. மாரியாயியின் மகள் சுபாஜினி பதுளையில் மாமா வீட்டில் தங்கி முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். தபால் கந்தோரில் வேலை செய்யும் நிருபனும் அவளும் மூன்று வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். நிருபனின் அப்பா சிவசுப்பிரமணியம் சாவகச்சேரிக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தமிழில் கடுமையானவர். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்துவார், பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேணும் என்றும் சொல்லவில்லை. “பிள்ளையின்ரை தாய்மாமனோடை ஒருக்கா கதைச்சிட்டு முடிவு சொல்லுறன்” என்றாராம். சுபாஜினியின் அப்பாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை. ஆக, மாமாவின் வாயில்தான் கல்யாணம் தொங்கியது.

“என்ன மச்சான், மொகம் செத்துப்போச்சு?” என்றார் பசறை பஸ் டிரைவர் ஜௌபர், கூண்டின் கண்ணாடியைத் தட்டி.

“ஞாயித்துக்கெழம பேசணும்டா. தமிழ்ல மட்டும்.”

“நீ நாளைக்கு ஆயிரம் தடவ பேசுறவன்!”

“அது பஸ்ஸப் பத்தி.”

“அப்ப பொண்ண ஒரு பஸ்ஸுன்னு நெனச்சிக்க” என்று சொல்லிவிட்டு ஜௌபர் போய்விட்டார். விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒத்திகை. கலாராணி சிவசுப்பிரமணியம் ஐயாவாகக் கால்மேல் கால் போட்டு உட்காருவாள். சுபாஜினி கதவோரம் நின்று சிரிப்பை அடக்குவாள். சதீஸ்குமார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூன்று வினாடி மௌனமாக இருப்பார். அந்த மூன்று வினாடியும் உதடு மட்டும் அசையும்.

“என்னங்க, மந்திரம் ஓதுறீங்களா?”

“இல்ல. மொதல்ல சிங்களத்துல சொல்லிட்டு வர்றேன்.”

“அப்ப புள்ளைக்கு ரெண்டு கல்யாணம் ஆகும்” என்றாள் கலாராணி. சுபாஜினி சிரிக்கவில்லை. “மாமா, நீங்க எப்படிப் பேசினாலும் பரவாயில்ல. பேசாம மட்டும் இருந்துராதீங்க” என்றாள். தாத்தாவின் இடுகாட்டில் அவளும் இருந்தவள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மேட்டு வீதியில், நிருபன் வீட்டுக்கு, நால்வரும் ஏறினார்கள். மாரியாயி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மடுல்சீமைச் சரிவில் கொழுந்து பறித்த காலுக்கு இந்த மேடு ஒன்றுமில்லை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“வாங்கோ, வாங்கோ, இருங்கோ” என்று நிருபனின் தாய் செல்வநாயகி அம்மா கைகூப்பினார். தேநீர் வந்தது, வடை வந்தது. நிருபன் சுவரைப் பார்த்தான், சுபாஜினி தரையைப் பார்த்தாள். சிவசுப்பிரமணியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, பிள்ளையைப் பற்றி மற்றவை சொல்லிக் கேட்டிட்டன். நீங்கள் சொல்லுங்கோ.”

சதீஸ்குமார் வாயைத் திறந்தார். மூடினார். உதடு அசையத் தொடங்கியது. கடிகாரம் துடித்தது. மூன்று வினாடி கடந்தது, ஆறு வினாடி கடந்தது. மாரியாயி தம்பியின் முழங்கையைத் தன் முழங்கையால் இடித்தாள். சிவசுப்பிரமணியம் தொண்டையைக் கனைத்து ஏதோ சொல்லப் போனார்.

செல்வநாயகி அம்மா கணவரின் கையைத் தொட்டார். “பொறுங்கோப்பா. மனிசன் கும்பிடுறார்” என்று மெதுவாகச் சொன்னார். குரலில் பக்தி இருந்தது. கலாராணி வடையைக் கடித்துத் தப்பித்துக்கொண்டாள்.

இடுகாட்டு வெயில் சதீஸ்குமாருக்கு நினைவு வந்தது. மேல் வரி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் வேறொன்று வந்தது: ஜௌபரின் பரிகாசம். வேறு வழியில்லாமல் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. கை தானாக உயர்ந்து, இல்லாத மைக்கைப் பிடித்தது.

“எங்கள் சுபாஜினி,” என்றார், மணி அடித்ததுபோல, “சொன்ன நேரத்துக்கு வருபவள்.”

அறை திடுக்கிட்டது.

“ஏற்றிக்கொண்டவரை நடுவழியில் இறக்கிவிட மாட்டாள். மழையென்றும் மண்சரிவென்றும் சாக்குச் சொல்ல மாட்டாள். இடையில் ஏறுகிற வயதானவர்களுக்கு இடம் கொடுப்பாள். அவளோடு புறப்படுகிறவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு… பத்திரமாகப் போய்ச் சேருவார்கள்.”

கை இறங்கியது. அவர் முகம் சிவந்தது. மருமகளை ஒரு பஸ்ஸாக்கிவிட்டோம் என்று புரிந்தது. ஆனால் சுபாஜினியின் கண் நிறைந்திருந்தது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

“ஐயோ!” என்று செல்வநாயகி அம்மா எழுந்தேவிட்டார். “இது அந்தக் குரலல்லோ! பஸ் ஸ்டாண்ட் குரல்! தம்பி, நான் தனியப் போற நேரமெல்லாம் உங்கடை குரலைக் கேட்டுத்தான் ஏறுவன். நீங்கள் சொல்லாமல் ஒரு பஸ்ஸிலையும் கால் வைச்சதில்லை!”

“ஆமாங்க, நான்தாங்க” என்றார் சதீஸ்குமார், பிடிபட்டவர்போல.

சிவசுப்பிரமணியம் மட்டும் அசையவில்லை. “நல்லாச் சொன்னியள். ஆனால் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. தோட்டத்துப் பக்கம் தமிழிலை சிங்களம் கலந்துபோச்செண்டு சொல்லுறவை. ரெண்டு பாசையிலும் கால் வைச்சவனுக்கு ஒண்டும் முழுசா இராது. நாளைக்கு என்ரை பேரப்பிள்ளையள் எதிலை யோசிக்குங்கள்?”

சதீஸ்குமாருக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் அக்கா, முழு வாழ்க்கையையும் ஒரே மொழியில் வாழ்ந்தவள், தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் சோறு கொதித்தது. தமிழில் நல்ல பதில்கள் நாலைந்து வரிசை கட்டி வந்தன. ஒவ்வொன்றும் இந்தக் கல்யாணத்தை அந்த இடத்திலேயே முடித்துவைக்கக் கூடியவை. அவர் மறுபடி உதட்டை அசைத்தார். கோபத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுபோய் அங்கே சற்று இறக்கிவைத்தார். அந்த மொழியில் பார்த்தபோது கிழவரின் கேள்வி அவமதிப்பாகத் தெரியவில்லை. பயமாகத் தெரிந்தது.

“கலந்துதான் இருக்குங்கய்யா” என்றார், இந்தத் தடவை மைக் இல்லாத குரலில். “நீங்க சொல்றது பாதி நெசம். அவசரத்துக்கு ஒரு சொல்லு வராது. எங்க அப்பா செத்தப்ப எனக்கு ஒரு வார்த்தையும் வரல. அது இன்னைக்கும் வலிக்குது. ஆனா இப்ப நீங்க கேட்டதுக்கு எனக்குக் கோவம் வந்துச்சுங்க. ஒரு பாஷ மட்டும் தெரிஞ்சவனா இருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். இன்னொன்னுல ஒருக்கா நெனச்சுப் பாத்தேன். உக்காந்துட்டேன்.”

“எப்ப நினைச்சுப் பாத்தனீங்கள்?”

“இப்பதாங்க. ஒதடு அசைஞ்சுச்சே. எதையும் மொதல்ல சிங்களத்துல சொல்லிட்டுத்தான் எனக்குத் தமிழ் வரும்.”

செல்வநாயகி அம்மா மூக்கில் விரல் வைத்தார். “அப்ப நீங்கள் கும்பிடேல்லையோ?”

கலாராணியால் அதற்குமேல் முடியவில்லை. வடை புரைக்கேற, சிரிப்பும் இருமலுமாக அவள் குனிய, சுபாஜினி தலையில் தட்ட, நிருபன் தண்ணீருக்கு ஓட, மாரியாயியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். செல்வநாயகி அம்மா தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரித்தார்.

சிவசுப்பிரமணியம் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார். சம்மதம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வகையான மனிதரல்ல. ஒரு பக்கத்தைப் புரட்டி ஒரு தேதியில் விரல் வைத்து, மறுகையின் கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டு, இன்றிலிருந்து எத்தனை நாள் என்று சத்தமில்லாமல் எண்ண ஆரம்பித்தார்.

சிரிப்பு அடங்கியது. சதீஸ்குமாரின் கண், வழக்கம்போல, வேண்டிய இடத்தில் போய் நின்றது. கிழவரின் உதட்டில்.

“இருபத்திநாலு நாளுங்களா, ஐயா?”

சிவசுப்பிரமணியம் நிமிர்ந்தார். “நான் வாய்விட்டு எண்ணேல்லையே.”

“ஒதடு எண்ணுச்சுங்க.” சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். “விசி துனய், விசி ஹதரய்னு.”

கிழவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். செல்வநாயகி அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது.

“முப்பத்தெட்டு வருசம்!” என்றார் அவர். “முப்பத்தெட்டு வருசம் பக்கத்திலை இருக்கிறன். இந்த மனிசன் சிங்களத்திலை எண்ணுறது எனக்குத் தெரியேல்லை!”

“கந்தோரிலை எண்ணிப் பழகீட்டுது” என்றார் சிவசுப்பிரமணியம். திருட்டு மாங்காயோடு அகப்பட்டவரின் குரல். “கோப்பு எண்ணினன், ஆக்களை எண்ணினன், எல்லாம் அந்தப் பாசையிலைதான். தமிழிலை எண்ணினால் இடையிலை பிழைக்குது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“கோயில்லை நூற்றெட்டுத் தரம் சுத்தினனீங்களே, அதுவும்?”

“…ஓம்.”

“முருகனுக்கு விளங்கியிருக்குமோ!”

“கதிர்காமத்து முருகனுக்கு ரெண்டு பாஷையும் தெரியுங்கம்மா” என்றார் சதீஸ்குமார். மூன்று வினாடி மௌனம் இல்லாமல், நேராக வந்தது அந்த வாக்கியம். வந்த பிறகுதான் அவரே கவனித்தார்.

அப்போதுதான் சிவசுப்பிரமணியம் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு, “நாலு இருபது. ராகு காலத்துக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. செல்வம், தட்டத்திலை வெத்திலையை வை” என்றார்.

இரண்டு மொழி கற்பதால் மனிதன் உயர்ந்துவிடுகிறான் என்று இதை வைத்துச் சொல்வதற்கில்லை. ஒரே மொழியில் வாழ்ந்த மாரியாயி, அந்த அறையில் இருந்த யாருக்கும் குறைந்தவளல்ல. ஆனால் தனக்குள் ஒரு குறை இருப்பதாக இருவர் பல வருடமாக மறைத்துவைத்திருந்தார்கள். அது இருவருக்கும் ஒன்றேதான் என்பது வெற்றிலைத் தட்டு வருவதற்குச் சற்று முன்னால்தான் தெரியவந்தது. அதைக் குறை என்பதா என்பது வேறு கேள்வி.

மறு ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டார் மடுல்சீமைக்குப் போய் மாரியாயியின் வீட்டில் கை நனைக்கும் நாள். சதீஸ்குமார் வேலை முடிந்து பின்னால் வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பது இருபது பஸ்ஸில் சிவசுப்பிரமணியமும் செல்வநாயகி அம்மாவும் நிருபனும் ஏறி, கூண்டைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். செல்வநாயகி அம்மா உள்ளிருந்து கையசைத்தார். அந்தக் கையைப் பார்த்தபடியே சதீஸ்குமார் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“லுணுகலை சந்தி வழியாக மடுல்சீமை செல்லும் பஸ் இரண்டாம் வரிசையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது.”

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கீழ் வரி முந்திக்கொண்டது. வேண்டுமென்று செய்ததல்ல, மனம் ஜன்னலில் இருந்தது, நாக்கு தன் பாட்டில் போய்விட்டது. சரி, இனிச் சிங்களம் என்று மூச்சை இழுத்தார்.

வரவில்லை.

நாளுக்கு நூறு தடவை சொல்கிற வாக்கியம். தலைகீழாக நின்றதில் முதல் சொல் எங்கோ உருண்டுவிட்டது. ஒலிபெருக்கி கரகரத்தது. டிரைவர்கள் தலையைத் தூக்கினார்கள். கடலைக்காரர் கூவுவதை நிறுத்தினார். “மச்சான், கரண்டு போச்சா?” என்று ஜௌபர் கத்தினார்.

சதீஸ்குமார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். இரண்டாம் வரிசையில், ஜன்னல் கம்பிக்குள்ளே, சிவசுப்பிரமணியம் ஐயா முகத்தைக் கம்பியில் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக, பொறுமையாக வாயசைத்துக்கொண்டிருந்தார். அந்த அறிவிப்பை எத்தனை வருடமாகக் கேட்டிருப்பாரோ. சிங்களத்தில், ஒரு பிழையில்லாமல், முதல் சொல்லிலிருந்து.

சதீஸ்குமார் அதை உதட்டிலிருந்து படித்து, அப்படியே மைக்கில் சொன்னார். பஸ் கிளம்பியது.